தணிகாசலத்தின் வண்டிப் புகை

வாலாஜாபாத் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த சரோஜா அக்காவின் இட்லிக் கடையில் ஒரு சட்டம் உண்டு. எந்த வண்டியும் புகைக்குழாயைக் கடைப் பக்கம் காட்டி நிற்கக் கூடாது. மீறி எவனாவது நிறுத்திக் கிளப்பினால், அக்கா முதலில் இட்லித் தட்டை மூடுவாள், அப்புறம் வாயைத் திறப்பாள். வெள்ளைத் துணியில் கரி விழுந்துவிட்டால் அந்த ஈடு முழுக்க நாய்க்குத்தான். கட்டிய புருஷனுக்கும் இதில் சலுகை கிடையாது. அந்தப் புருஷன்தான் தணிகாசலம், எங்கள் கம்பெனி வேன் டிரைவர்.

நான் காந்திமதி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, வாலாஜாபாத்தில் வாடகை அறையில் தங்கி, ஒரகடத்துக்கு வேலைக்குப் போய்வந்தவள். தணிகாசலத்தைப் பற்றி எழுத எனக்கு முழு உரிமை உண்டு. அவர் வண்டியில் வருஷக்கணக்காகத் தூங்கியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி வரை அவர் பாலாற்று மணல் லாரி ஓட்டினார். இன்னும் ஒரு நடை, இன்னும் ஒரு நடை என்று பறக்கிற பிழைப்பு அது. அந்த லாரியின் பேச்சை எடுத்தாலே சரோஜா அக்காவுக்கு ஆகாது. "கல்யாணத்துக்கு எடுத்த வெள்ள சட்டய ஒரே மாசத்துல கருப்பாக்கினு வந்தாரு. தோய்ச்சவ நானு" என்பாள்.

தொழிற்சாலைகள் வந்ததும் லாரியை உதறிவிட்டு வேனுக்கு வந்தார். வந்ததும் ஆளே மாறிப்போனார். மற்ற வேன்களில் பாட்டு அலறும், இவர் வண்டியில் கிசுகிசு கூடக் கேட்காது. காலை ஷிப்டுக்குப் போகும் பெண்கள் நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவோம். பள்ளம் வந்தால் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வண்டியை இறக்குவார். ஒருத்தி தலையும் ஜன்னலில் இடிக்காமல் கேட் வரை கொண்டுசேர்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

எங்கள் வேலை டீசல் புகையைச் சுத்தம் செய்கிற வேலை. தேன்கூடு போல நெடுக ஓட்டைகள் உள்ள பீங்கான் உருளை வரும். சீரியம் ஆக்சைடு என்கிற அரிய மண் பொடியைக் கரைத்து அதில் பூசி, சூளையில் சுடுவோம். கரைசலுக்கு நாங்கள் வைத்த பெயர் மாவு, உருளைக்குக் கூடு. புகைக்குழாயில் கூட்டைப் பொருத்தினால் கரி அதிலேயே தங்கிவிடும். தங்கிய கரி, புகையின் சூட்டிலேயே எரிந்து காலியாக வேண்டும். கரிக்கு ஆக்சிஜனைக் கொடுத்து எரியவைப்பது எங்கள் மாவு.

2004இல் சோதனைக்காகத் தணிகாசலத்தின் வேனில் ஒரு கூட்டைப் பொருத்தினார்கள். அவர் அன்றைக்குத் தலைக்குக் குளித்துவிட்டு வந்து புகைக்குழாய்க்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வண்டியின் முகத்துக்குப் பொட்டு வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கத்துக்கு வைத்த மகராசன் அவர் ஒருவர்தான்.

பொட்டு வைத்து என்ன? மாசம் திரும்புவதற்குள் வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் கூடு முழுக்கக் கரி அடைத்திருந்தது. இரண்டாவது கூடும் அதே கதிதான். சோதனைக்குப் பொறுப்பான பொறியாளர் பிரவீனா மேடம் காரணத்தைக் கண்டுபிடித்தார். கரி எரியச் சூடு வேண்டும். இவர் ஓட்டுகிற ஓட்டத்தில் புகை சூடேறவே இல்லை.

"சின்ன கியர்ல, இன்ஜின முறுக்கி ஓட்டுங்க அண்ணா" என்றார் மேடம்.

ஒரே ஒரு நாள் அப்படி ஓட்டினார். டிபன் டப்பாக்கள் உருண்டன, ஒருத்தி வாந்தி எடுத்தாள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன அண்ணாச்சி, மணல் லாரின்னு நெனச்சிட்டியளா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் செத்துப்போனது. மறுநாளே பழைய நடைக்குத் திரும்பிவிட்டார். சோதனை கெடுகிறது, டிரைவரை மாற்றுங்கள் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"இத்த வுட்டா நமக்கு வேற வண்டி இங்க இல்லம்மா. திரும்ப மணலுக்குத்தான் போவணும்" என்றார் தணிகாசலம். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் இல்லாத வேனில் ஏற எங்களில் ஒருத்திக்கும் பிடிக்கவில்லை.

மாற்றுவதற்கு முன் ஒரு தடவை நேரில் பார்த்துவிடுகிறேன் என்று மேடம் விடியற்காலையிலேயே வாலாஜாபாத் வந்து, சூடு காட்டுகிற மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். முதல் இறக்கத்திலேயே கையும் களவுமாகப் பிடித்தார்.

"நியூட்ரல் போடறீங்களா அண்ணா?"

"டீசல் மிச்சமாவும்னு லாரில பழகிக்கினேன் மேடம்."

"நியூட்ரல் போட்டா புகை ஆறிப்போயிடுமே" என்றார் மேடம். அதற்கப்புறம் பேச்சைக் காணோம். எட்டிப் பார்த்தேன். மீட்டரைக் கட்டிக்கொண்டு எங்களைவிட நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கேட்டில் நாங்கள் ஓசைப்படாமல் இறங்கினோம். தணிகாசலம் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். எழுப்பவில்லை. மேடம் தானாகவே விழித்து, எங்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"நியூட்ரல மட்டும் விட்டுடுங்க அண்ணா. மெதுவா ஓட்டறதுக்கு ஏத்த மாதிரி நாங்க மாவ மாத்தறோம். ஆனா இதுவும் அடைச்சிட்டா உங்கள மாத்தறத என்னால தடுக்க முடியாது."

மாவில் இன்னொரு அரிய மண் சேர்ந்தது. பிரசியோடிமியம் என்று பெயர், வாயில் நுழையாது. குறைந்த சூட்டிலேயே கரியை எரிக்க அது உதவும் என்றார் மேடம். வெளிர் மஞ்சள் மாவு செங்கல் நிறத்துக்கு மாறியதால் அதை மிளகாய் மாவு என்றோம். முதலில் சுட்டதெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. விடாமல் கரைத்தோம், விடாமல் சுட்டோம். கடைசியில் ஒட்டி நின்ற கூட்டை மாவில் முக்கியது என் கை. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். இன்ஜினுக்கு இன்னும் பக்கத்தில் அதைப் பொருத்தினார்கள்.

தணிகாசலமும் சொன்ன சொல் தவறவில்லை. இறக்கம் வந்தால் அவர் கை தன்னால் கியர் கம்பிக்குப் போகும், தொடாமல் திரும்பிவிடும். ஐப்பசி மழை முழுக்க அப்படியே ஓட்டினார், நாங்களும் தூங்கினோம். வண்டிக்கு மூச்சு வாங்கவில்லை.

தை பிறந்து கூட்டைக் கழற்றிய அன்று ஷிப்டே அங்கே கூடிவிட்டது. தணிகாசலம் மட்டும் தள்ளிப் போய்த் திரும்பி நின்றுகொண்டார். கூட்டின் முகம் கருப்பாக இல்லை. நாங்கள் பூசிய செங்கல் நிறம் அப்படியே தெரிந்தது. உள்ளே கரி தங்கியிருந்தால் எடை கூடியிருக்கும். மேடம் எடை போட்டுப் பார்த்தார், மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

"பாஸ் ஆயிடுச்சு அண்ணா. இது உங்க வண்டி, நீங்களே ஓட்டுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டைத் திரும்பப் பொருத்தினார்கள்.

சாயங்காலம் வாலாஜாபாத்தில் எங்களை இறக்கிவிட்டதும் தணிகாசலம் வேனைப் பின்னால் எடுத்தார். நேராக இட்லிக் கடைக்கு. புகைக்குழாய் கடையைப் பார்த்தபடி நின்றது.

"யோவ், கண்ணு தெர்ல? அந்தாண்ட திருப்பு" என்றாள் சரோஜா அக்கா. கை மூடியை எடுத்துவிட்டது.

"இன்னா அவசரம், இரு" என்றவர் இன்ஜினை நிறுத்தாமல் இறங்கி வந்து, வெள்ளை யூனிபாரச் சட்டையோடு புகைக்குழாய்க்கு நேரே நின்றார். "காந்திமதி, நியூட்ரல்லதான் கீது. ஏறி ஆக்சிலேட்டர மிதிம்மா."

மிதித்தேன். வண்டி உறுமியது. அவர் சட்டை காற்றில் படபடத்தது. அக்கா மூடியைப் பிடித்தபடியே சட்டையைப் பார்த்தாள், கிட்ட வந்து விரலால் தடவி விரலையும் பார்த்தாள். பிறகு கடைக்குள் போய், மூடியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஆவி பறக்கிற புது ஈட்டைத் தட்டில் கவிழ்த்துத் துணியை உரித்தாள்.

"வண்டி அங்கியே நிக்கட்டும்" என்றாள். "உக்காந்து துன்னு."