பின்படிக்கட்டுக் கதவின் கொண்டி

எங்கள் பெண்கள் விடுதியின் தச்சரைக் கீல் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எந்த அறைக் கதவாவது கிரீச்சிட்டால் போதும், யாரும் சொல்லாமலே எண்ணெய்க் குப்பியோடு வந்து நிற்பார். பதினெட்டு வருடமாக இங்கே தாழ்ப்பாள், ஜன்னல், கட்டில் கால் எல்லாம் அவர் கைபட்டவை. அவர் வீட்டு அலமாரிக் கதவு மட்டும் இன்னும் தொங்குகிறதாம். அதற்கு அண்ணி என்னிடம் சண்டைக்கு வருவார், ஏதோ நான்தான் அண்ணனுக்கு முதலாளி மாதிரி. நான் விடுதி அலுவலகத்து எழுத்தர், அவ்வளவுதான்.

போன வருடம் இரண்டாம் மாடியில் மின்கசிவு ஏற்பட்டுப் புகை சூழ்ந்தது. பின்படிக்கட்டுக் கதவில் பூட்டு. அத்தனை பெண்களும் முன்படிக்கட்டில் முண்டியடித்து இறங்கினார்கள். கீழே விழுந்த ஒரு பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. படிப்பும் அதோடு நின்றது.

அந்தப் பூட்டு தொங்கிய கொண்டியை மாட்டியவர் கீல் அண்ணன். மாட்டச் சொன்னவர் வார்டன். பெண்கள் பின்பக்கமாக வெளியே போய்விடுவார்களாம்! உயிர் போனாலும் பரவாயில்லை, வாசல் தாண்டக் கூடாது என்பது என்ன நியாயமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"அந்தப் பொண்ணு விழுந்ததுக்கு நான் போட்ட ஸ்க்ரூவும் காரணம், தங்கச்சி" என்று சொல்லிச் சொல்லி, அண்ணன் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வார்டன் நன்றாகத்தான் சாப்பிட்டார்.

வேறு கல்லூரிகளிலும் இப்படி நடக்கவே, சட்டசபையில் புதுச் சட்டம் போட்டார்கள். விடுதியில் வெளியேறும் கதவு எதற்கும் பூட்டு கூடாது. பழுது பார்த்த வேலையெல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். சோதனையின்போது வார்டன், அதிகாரி, மாணவிகளின் பிரதிநிதி மூவரும் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

சோதனைக்கு முதல் நாள் வார்டன் அண்ணனைக் கூப்பிட்டார். வயதில் மூத்தவரை நீ, வா, போ என்றுதான் பேசுவார்.

"அந்தக் கொண்டியக் கழட்டிடு. நாளன்னைக்குக் காலையில திரும்ப மாட்டிடு."

"சட்டம் வந்துடுச்சேம்மா."

"வந்தா வந்துட்டுப் போகட்டும். அவங்க ஒரு மணி நேரம்தான் இருப்பாங்க. உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

அண்ணன் கொண்டியைக் கழற்றிவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார். பதிவேட்டை வாங்கி, நிதானமாக எழுதினார்: 'சோதனைக்காகப் பின்கதவுக் கொண்டி கழற்றப்பட்டது. நாளை மறுநாள் வார்டன் உத்தரவுப்படி மீண்டும் மாட்டப்படும்.'

நான் பதிவேட்டைச் சட்டென்று மூடினேன். "அண்ணே, வேலை போயிடும்."

"செஞ்ச வேலைய எழுதணும்னுதானே சட்டம்? எழுதிட்டேன்."

மறுநாள் சோதனையில் வார்டன் வழக்கம்போல போனில் பேசிக்கொண்டே, பக்கத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். வந்திருந்த அதிகாரி, திறந்து கிடந்த பின்கதவைப் பார்த்துத் தலையாட்டினார், காபி குடித்தார், அவரும் படிக்காமலே போட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காபியை அவர் மடியிலேயே கொட்டியிருப்பேன். படிக்கத்தானே இவருக்குச் சம்பளம்?

கடைசியாக மாணவிப் பிரதிநிதி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா, பரீட்சைக்கா படிக்கிறே? சீக்கிரம் போடு" என்றார் வார்டன்.

"விழுந்தவ என் ரூம்மேட், மேடம்."

அண்ணன் எழுதிய வரிக்கு வந்ததும் அதைச் சத்தமாகப் படித்தாள்.

அதிகாரிக்கு முகம் வெளுத்தது. "அதக் கொடும்மா, நான் சரியாப் பாக்கல."

"கையெழுத்துப் போட்டுட்டீங்களே சார்."

வார்டன் அண்ணன் பக்கம் பாய்ந்தார். "யாரக் கேட்டு இத எழுதினே?"

"கீழ உங்க கையெழுத்துதாம்மா இருக்கு."

தன் தலைக்கே கத்தி வந்த பிறகுதான் அதிகாரிக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. குற்றத்தை அறிக்கையில் எழுதி, கொண்டியையும் பூட்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலையே கீல் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். காரணம், ஒழுங்கீனமாம். அந்தக் கடிதத்தை என்னையே டைப் அடிக்கச் சொன்னார்கள். வெட்கம் கெட்டு அடித்தேன். இந்த முறை வார்டன் போனைத் தொடவே இல்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.