இரண்டாம் கியரில் நிற்காத கார்

பிள்ளைகளே, நான் கார் ஓட்டிப் பிழைத்தவன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு காரைக் கெடுத்தவன் என்பதை மட்டும் நான் இதுவரை சொன்னதில்லை. ஏழாவதோடு படிப்பை விட்டவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆந்திரா தனி மாநிலமாகி, திருத்தணி யாருக்கு, சத்தியவேடு யாருக்கு என்று டீக்கடைகளில் சண்டை நடந்த காலம் அது. சித்தூரில் பிரசவம் பார்க்கும் ஒரு லேடி டாக்டரிடம் டிரைவராகச் சேர்ந்திருந்தேன். பாண்டிச்சேரியில் ஒருவரிடமிருந்து பழைய பிரெஞ்சு கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதில் கியர் கம்பி தரையிலிருந்து வராது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் முன்பலகையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். கியர் பெட்டியும் இன்ஜினுக்கு முன்னால், வண்டியின் மூக்கில் இருக்கும். அதுவரை லாரி மட்டுமே ஓட்டிய எனக்கு அதில் உட்காருவதே பெருமை. "உன் கையில பெட்ரோல் செலவாகாம நல்லா நிக்குதுப்பா" என்று டாக்டரம்மா ஒருமுறை சொன்னபோது தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் காலை திருமலையில் தரிசனம் முடித்த அவரை ஏற்றிக்கொண்டு மலை இறங்கி வந்தேன். அலிபிரிக்குச் சற்று மேலே ஒரு வளைவில், இரண்டாம் கியர் தானாகக் கழன்றுகொண்டது. வண்டி பிடியில்லாமல் ஓடியது. கால் பிரேக், கை பிரேக் இரண்டையும் போட்டு மலைப்பக்கத்து மண்ணில் உரசி நிறுத்தினேன். ரப்பர் கருகிய நாற்றம்.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "என்னாச்சு?"

"கியர் எகிறிடுச்சும்மா."

"அந்தப் பாண்டிச்சேரி ஆளு நம்ம தலையில கட்டிட்டான். காரைத் திருப்பி எடுத்துக்கன்னு லெட்டர் போடறேன்."

கார் போனால் என் வேலையும் போகும். உங்களில் மூத்தவள் அப்போது அம்மா வயிற்றில் ஏழு மாதம். இரண்டு நாள் தவணை கேட்டேன். கொடுத்தார்.

திருப்பதியில் லேத்துப் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் முதல் கியரிலேயே ஊர்ந்து போனேன். கம்பியின் மூட்டுகளை இறுக்கிப் பார்த்தோம், கழன்றது. எண்ணெயை மாற்றினோம், பழைய எண்ணெயில் இரும்புப்பொடி மினுங்கியது. புது எண்ணெயிலும் கழன்றது. மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்றதும், பிரிக்காமலே ஏதாவது செய்ய முடியாதா என்று கேட்டேன்.

லேத்துக்காரர் சிரித்தார். "ஊரையே ரெண்டாப் பிரிக்கறானுங்கோ, ஒரு கியர் பொட்டிய பிரிக்க இன்னாத்துக்குப் பயப்படறே?"

உள்ளே இரண்டாம் கியரின் பல் முனைகள் மழுங்கியிருந்தன. ஆனால் அவர் பார்த்தது பல்லை அல்ல. மூடிக்குள் சுண்டுவிரல் நீளத்தில் இருந்த ஒரு பூட்டு முள்ளை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு பக்கம் தேய்ந்து சரிந்திருந்தது.

"இதான் கியர நகராம புடிக்கறது. கிளட்ச மிதிச்சாத்தான் இது எழும்பி கியர விடும். மிதிக்காம இழுத்தா தேயும். நீ லாரி ஓட்டுனவன் தானே?"

"ஆமா."

"எறக்கத்துல நியூட்ரல் தட்டிக்கினு வருவியா?"

வருவேன் என்று ஒப்புக்கொண்டேன். லாரிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். இறக்கம் வந்தால் கிளட்சைத் தொடாமல் கம்பியை ஒரு வெட்டு வெட்டி நியூட்ரலுக்குத் தள்ளி, வண்டியைச் சும்மா உருள விடுவோம். என் கையில் பெட்ரோல் நின்றது அப்படித்தான்.

"போ நைனா, யாருக்குத் தெரியப்போவுது? பழைய ஓனர் மேல போட்டுடு. புது முள்ளு கடஞ்சு தரேன்" என்றார்.

மறுநாள் காலை திருப்பதியிலேயே டாக்டரம்மா தங்கியிருந்த வீட்டுக்குத் தேய்ந்த முள்ளை எடுத்துக்கொண்டு போனேன். மேஜை மேல் அந்தக் கடிதம் எழுதி முடித்துக் கிடந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வேறு டிரைவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

முள்ளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ நான் மெச்சுக்கினது இதைத்தானா?"

"ஆமாம்மா."

கடிதத்தை நான்காகக் கிழித்தார். "நல்லவேளை, தபால்ல போடல. அந்த மனுஷன் என்னைப் பத்தி என்ன நெனச்சிருப்பான்! வண்டி எப்போ ரெடி?"

"மத்தியானம்மா."

"சரி. கங்காதர நெல்லூர்ல ஒருத்திக்கு நாள் நெருங்கிக்கினு கீது. சாயங்காலத்துக்குள்ள போகணும்."

அன்று புது முள் பிடித்தது. வழியில் வந்த இறக்கங்களில் எல்லாம் இரண்டாம் கியர் அசையவில்லை. டாக்டரம்மா எப்போதும் போல என் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து தூங்கிப்போனார். என்னை நம்பித் தூங்கிய அந்தத் தூக்கத்துக்கு இன்றைக்கும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நீங்கள் பசியில்லாமல் வளர்ந்ததில் அவருக்குப் பங்கு உண்டு.

பிரசவம் முடிந்து அவரைச் சித்தூர் வீட்டில் விட்ட மறுநாள் காலை, ஷெட்டில் தனியாகக் காரில் ஏறி உட்கார்ந்தேன். இன்ஜினைப் போடவில்லை. கிளட்சை மிதித்து நியூட்ரல், மிதித்து இரண்டு, மறுபடி மிதித்து நியூட்ரல். எத்தனை முறை என்று எண்ணிக்கொண்டே வந்தேன்; கால் மிதிக்கும் முன் கை முந்தும்போதெல்லாம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். கிளட்சை மிதிக்கும் காலுக்காகக் கை காத்திருக்கப் பழகும் வரை இறங்கவில்லை.