வடக்கே இருந்த கேட்டு

கிணத்துக்கடவில் நாங்கள் வாங்கிய மனைக்குக் காம்பவுண்டு சுவர் கட்ட வந்த காண்ட்ராக்டர் அவர். புருவத்தில் சிமெண்டுத் தூசி, சட்டைப் பையில் மூடி தொலைந்த பேனா. ஒப்பந்தத்தில் வீட்டில் உட்கார்ந்து கையெழுத்துப் போட மாட்டார். மனைக்கே போய், மொபெட் சீட்டில் பத்திரத்தை விரித்து, முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பார்.

நான் படித்து முடித்ததும், தள்ளி நின்ற என் மனைவியைக் கூப்பிட்டார்.

"அம்மணி, நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

"மனை என் பேர்லதானுங்க இருக்குது," என்றேன்.

"இருக்கட்டுமுங்க. தெனமும் கேட்டைத் தொறக்கறது அம்மணிதானுங்களே. வடக்க கேட்டுன்னு எழுதியிருக்குது, சரிதானுங்களா அம்மணி?"

அவள் தயங்கினாள். "கெழக்க வெச்சா இவுங்க பஸ் எறங்கி வாரது தெரியுமுங்க."

என்னிடம் அவள் அதைச் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை.

அவர் 'வடக்கு' என்பதை அடித்துக் 'கிழக்கு' என்று எழுதி, பக்கத்தில் எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

சுவர் முடிந்தபின் அவரைப் பார்க்கவில்லை. எல்லா வீட்டிலும் இப்படித்தான் கேட்பாரா, அன்று அவள் முகத்தில் எதையாவது கண்டாரா, தெரியவில்லை. பட்டா, வரி ரசீது எல்லாம் என் பெயரில் என் பீரோவில் இருக்கின்றன. அந்த ஒப்பந்தத்தை மட்டும் அவள் தன் நகைப்பெட்டியில் வைத்திருக்கிறாள்.