பச்சை பிக்கப்பின் முன்சீட்டு

ஏசுரத்தினத்தை நல்லவன் என்று ஊரே சொல்லும். நானும் சொல்கிறேன். ஆனால் அவன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. அதை மறைத்துவிட்டு அவன் கதையைச் சொல்ல என்னால் முடியாது.

புத்தூரில் திருப்பதி ரோட்டின் மேல் அவனுடைய டிங்கர் ஷெட்டும் என் சைக்கிள் கடையும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு ஓலைத் தட்டிதான். அவன் தகரம் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் பஞ்சர் ஒட்டினேன். நசுங்கிய மட்கார்டு, துருப்பிடித்த கதவு, எது வந்தாலும் ஒடுக்கு எடுத்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து அனுப்புவான். ஒடுக்கு எடுத்த பிறகும் தகரத்தில் மேடு பள்ளம் மிச்சம் இருக்கும். அதை மூடுகிற பூச்சுதான் பட்டி. அது காய்ந்ததும் தண்ணீர் தெளித்துத் தெளித்து வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்க்கிற வேலை அவன் மனைவி தபீதாளுடையது.

தபீதாள் ஒல்லிதான், ஆனால் வாய் பெரிசு. பக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குந்தினால் பொழுது சாயும் வரைக்கும் கையும் ஓடும், வாயும் ஓடும். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அந்தக் குறை வெளியே தெரியாதபடி பேசிக்கொண்டே இருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. தேய்த்து முடித்ததும் கையை ஈரமாக்கிக்கொண்டு, கண்ணை மூடி, புறங்கை விரல்களால் தகரத்தின் மேல் ஒரு இழுப்பு இழுப்பாள். எங்கேயாவது அலை இருந்தால் அவள் முகம் சுளிக்கும். ஏசுரத்தினம் மறுபடி பட்டியை எடுப்பான். இல்லையென்றால், "போதும், வுடுங்க" என்பாள். அந்தப் "போதும்" வராமல் அவன் பெயிண்ட் டப்பாவைத் திறந்ததே கிடையாது. அவள் இல்லையென்றால் இவன் தேய்த்துத் தேய்த்தே தகரத்தில் ஓட்டை போட்டுவிடுவான் என்று நான் கேலி செய்வேன்.

"நான் ஒரசி ஒரசி மினுக்கின வண்டியில ஊரு சனமெல்லாம் ஏறிக்கினு போவுது. எனக்கு மட்டும் நடராஜா சர்வீஸ்தான்," என்று அவளும் சிரிப்பாள். அது கேலிதான் என்றாலும் உண்மை. தான் தேய்த்த வண்டி எதிலும் அவள் ஏறிப் போனதில்லை.

பிறகு அவளுக்கு இருமல் வந்தது. இருமலோடு ரத்தமும் வந்தது. மதனப்பள்ளி சானடோரியத்தில் சேர்க்கச் சொன்னார்கள். பஸ்ஸில் கூட்டிப் போனான். பீலேர் தாண்டினதும் அவள் இருமித் துணியில் துப்பினதைப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒருத்தர் எழுந்தார், இன்னொருத்தர் எழுந்தார், கடைசியில் கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்தினான். நடு ரோட்டில் இரண்டு பேரையும் மூட்டையோடு இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். மிச்ச தூரத்தை ஒரு கட்டை வண்டியிலும் நடையிலுமாகக் கடந்தார்கள்.

அவளைச் சேர்த்துவிட்டு வந்தவன் என் கடையில் உட்கார்ந்து அழுதான். "கன்னையா, அவ ஒண்ணே ஒண்ணு கேட்டாடா. இனிமே பஸ்சும் வேணாம், ரயிலும் வேணாம், ஒரு வண்டியில வந்து என்னக் கூட்டிக்கினு போங்கன்னா. முன்சீட்டுல குந்தி வரணுமாம். பின்னால மூட்ட மாதிரி போட்டுக்கினு வரக் கூடாதாம்."

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னேன். அவ தலமேல கை வெச்சி சரின்னேன்."

சொந்த வண்டிக்கு அவன் எங்கே போவான்? ஆனால் கர்த்தர் கொடுத்தார் என்று சொல்லும்படி, அடுத்த வருஷமே ஒரு வண்டி தானாக வந்து சேர்ந்தது. சத்தியவேடு பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருந்த கோவர்த்தனன் தன் அப்பா காலத்து செவர்லே பிக்கப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். உருண்டை மட்கார்டும் நீள மூக்கும் பின்னால் சாமான் ஏற்றத் தொட்டியுமாக அது ஒரு காலத்தில் அழகாக இருந்திருக்கும். பல வருஷம் புளியமரத்தடியில் நின்று, கோழிகளுக்குக் குடித்தனம் ஆகிவிட்டது. சீட்டுக்கு அடியில் இரண்டு கூமுட்டை கிடைத்தது. எஞ்சினை வேறு மெக்கானிக் பார்த்துக்கொண்டார். உடம்பை மட்டும் நைனா ஓட்டின காலத்தில் இருந்த மாதிரி ஆக்கிக் கொடு என்றார் கோவர்த்தனன்.

"ஆக்கிடறேங்க. முடிஞ்சதும் மொத நடை மதனப்பள்ளிக்கு எனக்கு வோணும். என் பொண்டாட்டியக் கூட்டியாரணும்," என்றான் ஏசுரத்தினம்.

"தாராளமா எடுத்துக்கினு போ. டிரைவர் பாலையாவையும் அனுப்பறேன்," என்றார் அவர். அவர் கண்ணியமான மனுஷர்.

ஏசுரத்தினம் அந்த வண்டியோடு மல்லுக்கு நின்றான். துருப்பிடித்த தகரத்தை வெட்டி எறிந்து புதுத் தகரம் வைத்தான். மட்கார்டைக் கழற்றி மடியில் குழந்தை மாதிரி போட்டுக்கொண்டு தட்டினான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேலை நின்றது. கதவில் தோப்புப் பெயர் எழுத வேண்டும், தமிழிலா தெலுங்கிலா என்று கோவர்த்தனனுக்கே தெரியவில்லை. எல்லையைப் பிரிக்கிற பேச்சு முடிவுக்கு வந்திருந்த நேரம் அது. திருத்தணி சென்னைப் பக்கம் போகிறது, சத்தியவேடு ஆந்திராப் பக்கம் வருகிறது என்று டீக்கடையில் தினமும் சண்டை. "ஏப்ரல்ல எந்த ஊரு எதுலன்னு ஆயிடும். அது வரைக்கும் கதவச் சும்மா வுடு," என்றார் அவர்.

டிசம்பர் பிறந்ததும் சானடோரியத்தில் தபீதாளுக்கு லீவு கொடுத்தார்கள். உடம்பு தேறியிருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போய் வரட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி அப்போது பெயிண்டுக்கு அடியில் பூசுகிற சிவப்பு ப்ரைமரில் நின்றது. எஞ்சின் ஓடியது, பிரேக் பிடித்தது, முன்சீட்டுக்குப் புது ரெக்ஸின் கூடப் போட்டாயிற்று. கோவர்த்தனனே வந்து, "பெயிண்ட வந்து அடிச்சிக்க. மொதல்ல போய்க் கூட்டிக்கினு வா," என்றார்.

இவன் கேட்கவில்லை. "செவப்புல போறது பாதிச் சட்டையோட கல்யாணத்துக்குப் போறாப்பல இருக்கும். பஸ்சுலேர்ந்து எறக்கி வுட்டானுங்களே, அந்த ரோட்டுமேல அவ பளபளன்னு வரணும்." என்னிடம் திரும்பி, "ஆக்கப் பொறுத்தாச்சி, ஆறப் பொறுக்கக் கூடாதா?" என்றான். சோற்றுக்குச் சொன்ன பழமொழியை அந்த மடையன் பொண்டாட்டிக்குச் சொன்னான்.

கரும்பச்சை எனாமல் அடித்தான். மார்கழிப் பனி இறங்கிப் பச்சை மேல் வெள்ளை பூத்துவிட்டது. தேய்த்தான், மறுபடி அடித்தான். இந்தத் தடவை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் கண்ணை மூடிக்கொண்டு புறங்கையால் தடவிப் பார்த்தான். ஒரு முறை அலை இல்லை என்றான், இன்னொரு முறை இருக்கிறது என்றான். என்னையும் தடவச் சொன்னான்.

"நல்லாத்தான் கீது. கெளம்பு," என்றேன்.

"உனுக்கு டயரு பிடிச்ச கையி. உனுக்குத் தெரியாது. அவ வெச்சிப் பாத்தாத்தான் தெரியும்." அப்படிச் சொல்லிவிட்டு மறுபடி வாட்டர் பேப்பரை எடுத்தான். போதும் என்று சொல்ல ஆள் இல்லாமல் தேய்த்துக்கொண்டே இருந்தான். அந்த ஆளைக் கூட்டி வரத்தான் இவ்வளவும் என்பது அவன் மண்டையில் ஏறவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

தபீதாளின் அக்கா ஞானம்மாள் மதனப்பள்ளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஷெட்டுக்கு நேராக வந்து நின்றாள். "அவ மூட்டையக் கட்டி வெச்சிக்கினு வாசப்படியில குந்திக்கினு கீறா, மச்சான். பெயிண்டெல்லாம் எதுக்கு, செவப்புலயே வரச் சொல்லுன்னா."

ஏசுரத்தினம் சிரித்தான். "அவ அப்டித்தான் சொல்லுவா, எனுக்குக் கஷ்டம் வேணான்னு. நாளைக்கி ஒரு கோட்டு, அவ்ளோதான்."

கிறிஸ்துமஸ் அன்று கோயிலில் அவனைப் பார்த்தவர்கள், நகக்கண்ணில் பச்சையோடு பாட்டுப் புத்தகம் பிடித்திருந்தான் என்று சொன்னார்கள். மறுநாள் மறுபடி தேய்த்தான். அதற்கடுத்த நாள் காலை கடைசிக் கோட் அடித்து முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே தட்டி வழியாக எட்டிப் பார்த்தான். "இன்னிக்கிக் காஞ்சதுன்னா நாளைக்கி விடிகாலையில கெளம்பிடலாம் கன்னையா. நீயும் வா," என்றான். அவன் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

அப்போதுதான் போதகர் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் தந்தி. அவர் அதைப் படிக்கவே இல்லை, ஏசுரத்தினத்தின் தோளைப் பிடித்துக்கொண்டார். விடியற்காலையில் தபீதாள் திடீரென்று ரத்தம் கக்கிப் போய்விட்டாள்.

ஈரப் பெயிண்டோடேயே கிளம்பினோம். பாலையா ஓட்டினார், நாங்கள் இரண்டு பேரும் பின்னால் தொட்டியில் ஏறிக்கொண்டோம். முன்னால் இடம் இருக்கிறதே என்று நான் சொன்னதற்கு அவன் தொட்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். திருப்பதி, சந்திரகிரி, பாகராப்பேட்டை மலை, பீலேர், வழி முழுக்க அவன் குனிந்தே உட்கார்ந்திருந்தான். பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட இடம் வந்தபோது மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

சானடோரியம் வராந்தாவில் நோயாளிகள் வரிசையாக நின்றார்கள். ஒரு வயசான அம்மாள் படி இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். "இதேனா ஆ பண்டி?" என்று தெலுங்கில் கேட்டாள். இதுதானா அந்த வண்டி என்கிறாள். தபீதாள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு வந்து பார்ப்பாளாம். அவள் மூட்டை கட்டிலடியில் கட்டினபடி இருந்தது. அவிழ்த்தால் கிறிஸ்துமஸுக்கு ஞானம்மாள் எடுத்துக் கொடுத்த புதுப் புடவை. அதையே போர்த்தினோம்.

தேறிக்கொண்டிருந்த உடம்பில் இப்படித் திடீரென்று வருவதுண்டு, எங்கே இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். இருக்கட்டும். வீட்டில் தன் பாயில் கிடந்து, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம் அல்லவா? கிறிஸ்துமஸ் சோறு தின்றுவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா?

அவளைப் பின்னால்தான் படுக்க வைக்க முடிந்தது. அவன் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, வண்டி குலுங்குகிற இடத்திலெல்லாம் இரண்டு கையாலும் தலையைத் தாங்கிக்கொண்டான். பீலேர் தாண்டி ஒரு கிழவி கை காட்டினாள். பாலையா நிறுத்திவிட்டு, முன்னால் காலியாகத்தானே இருக்கிறது, ஏற்றிக்கொள்ளலாமா என்று எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"வேணாம்ணா. அது தபீதாளோட எடம்," என்றான் ஏசுரத்தினம்.

புத்தூர் வரைக்கும் முன்சீட்டு காலியாகவே வந்தது. ஈரப் பெயிண்ட் வழியெல்லாம் மண்ணை வாரிப் பூசிக்கொண்டது. ராத்திரி வீட்டு வாசலில் நின்றபோது லாந்தர் வெளிச்சத்தில் அது பச்சை வண்டியா செம்மண் வண்டியா என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் அடக்கம் செய்தோம்.

வண்டியை அப்படியே கோவர்த்தனனிடம் அனுப்பிவிட்டான். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏப்ரலில் எல்லை முடிவாகி, சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்த பிறகு, கதவில் தெலுங்கில் பெயர் எழுத வண்டியைக் கொண்டு வந்தார். மேலே இருந்த தூசியைக் கழுவியிருந்தார்கள். பெயிண்டோடு சேர்ந்து இறுகிய மண் மட்டும் போகவில்லை. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ரத்தினம், எழுதறதுக்கு முன்ன ஒரு தபா தேய்ச்சி இன்னொரு கோட்டு அடிச்சிடலாமா? உனுக்கு முடிஞ்சா சொல்லு."

ஏசுரத்தினம் பக்கெட்டில் கையை நனைத்தான். கண்ணை மூடிக்கொண்டு, வண்டியின் மூக்கிலிருந்து பின்தொட்டி வரைக்கும் புறங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனான். உப்புத்தாள் மாதிரி இருந்திருக்கும். விரல் முட்டியில் தோல் கிழிந்து ரத்தம் வந்ததை நான் பார்த்தேன். முன்சீட்டுக் கதவுக்குத் திரும்பி வந்து நின்றான்.

"போதும்ங்க, வுடுங்க," என்றான்.

அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியாது. கோவர்த்தனன் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல், "இத கிறிஸ்துமஸுக்கு முன்ன சொல்லித் தொலச்சிருந்தா இன்னாடா, பாவி?" என்று கத்திவிட்டேன். கத்திவிட்டு நானே அழுதேன்.

அவன் கோபப்படவில்லை. கதவைத் திறந்து, காலியாக இருந்த சீட்டைத் துண்டால் துடைத்துவிட்டு, மறுபடி மூடினான்.