அண்ணனுக்கு வைத்த பாட்டில்

என் கையெழுத்தும் பிழைகளும் உங்களைச் சிரமப்படுத்தும். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புக்கிட் பெலண்டோக் பக்கம் அண்ணனும் நானும் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் குலை வெட்டினோம். கோயிலில் சத்தியம் செய்து குடியை விட்டிருந்த அண்ணன், ஒரு மத்தியானம் நாக்குக் குழறித் தள்ளாடி வீட்டுக்கு வந்தார்.

"மறுபடி ஊத்திக்கிட்டியா? பேசாதய்யா, போய்ப் படு லா!" என்று அண்ணி கத்தினார். நானும் போதை என்றே நினைத்துப் பாயில் படுக்க வைத்தேன். அவர் எழவே இல்லை. குடித்தே போனவர் என்று, திதிப் படையலில் அண்ணி வருடாவருடம் ஒரு பீர் பாட்டில் வைத்து அழுவார்.

போன மாதம் என் வலது கை சற்று நேரம் மரத்துப் போனது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் கழுத்தை ஸ்கேன் செய்த டாக்டர், "கழுத்துல மூளைக்கு ரத்தம் போற குழாய் அடைச்சிருக்கு, அங்கிள். பேச்சு குழறுனாலோ தள்ளாடுனாலோ உடனே வந்துடணும். பாக்குறவங்க குடிச்சிருக்கீங்கன்னு நெனப்பாங்க" என்றார். எனக்கு அண்ணன் முகம்தான் கண்ணில் வந்து நின்றது.

அண்ணியிடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

"வாயக்கூட மோந்து பாக்கலையே, தம்பி."

இன்று படையலில் பாட்டில் இல்லை. அண்ணன் சத்தியத்தை மீறவில்லை என்று நாங்கள் நம்புவதற்கு என் கழுத்துக் குழாயும் அடைக்க வேண்டியிருந்தது.

அண்ணனின் திதியன்று எழுதியது.