முப்பத்தேழாம் மாடியில் காயாத சாக்ஸ்

போனில் குறை கேட்கிற வேலையில் இருப்பவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: திட்டுகிறவரைச் சமாளித்துவிடலாம், "நான்தாங்க மக்கு, கொஞ்சம் சொல்லிக்குடுங்க" என்கிறவரிடம்தான் மாட்டிக்கொள்வோம், அதுவும் தப்பு நம் பேரில் இருக்கும்போது.

எங்கள் கம்பெனி பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கிறது. முதலாளி மஞ்சுநாத், புரோகிராமர் தினேஷ், நான். தீர்ந்தது ஆள் கணக்கு. செய்த ஆட்டத்தை விளையாடிப் பார்த்து டிக் போடுவதும், விற்ற பிறகு வரும் போனை எடுப்பதும் என் வேலை. எங்களிடம் இருப்பது போனில் ஆடுகிற ஒரே ஆட்டம், 'மொட்டைமாடி'. மசால்தோசை விலைகூடக் கிடையாது. ஒரு மாடி, நாலு கொடி, ஒரு வாளி ஈரத்துணி. மேகம் வருவதற்குள் எல்லாத் துணியிலும் வெயில் படும்படி காயப்போட வேண்டும். இப்படி எண்பது மாடி. சுடுவது, வெட்டுவது ஒன்றும் இல்லை. கிளிப் மாட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்கே சிலர் அடிமை. ஊரில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் கீழே வைக்க மாட்டார்கள்.

நான் போட்ட டிக்

முப்பத்தேழாம் மாடி பற்றி மட்டும் போன் மேல் போன். என்ன செய்தாலும் ஒரே ஒரு சாக்ஸ் பெட்ஷீட் நிழலிலேயே நிற்கிறது என்றார்கள். நானே உட்கார்ந்து இரண்டு நாள் போட்டுப் பார்த்தேன். நிற்கத்தான் செய்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அந்த மாடியைச் சோதிக்க வேண்டிய நாளில் எங்கள் மர்பி டவுன் மாதா கோயிலில் தேர். போகிற அவசரம். மாடியைப் போட்ட தினேஷ் முடித்துப் பார்க்காமலா இருப்பான் என்று விளையாடாமலே டிக் போட்டுவிட்டு ஓடினேன்.

இந்த வேலைக்கு முன்னால் ஏழு மாதம் வீட்டில் சும்மா இருந்தவள் நான். விஷயம் தெரிந்தால் மறுபடி அங்கேதான். அதனால் தினேஷிடம் சுற்றி வளைத்து, "நீ போட்ட மாடியெல்லாம் நீயே ஒரு தடவை முடிச்சுப் பாப்பல்ல?" என்று கேட்டேன். அவன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "நீங்க டிக் போட்ட பிறகு நான் எதுக்குக்கா பாக்கணும்?"

கேப்பில் ஒருவர்

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் கார்த்திக் வாரம் மூன்று தடவை கூப்பிடுவார். ஆபீஸ் கேப் வண்டியில் போக ஒன்றரை மணி, வர இரண்டு மணி நேரம், அவ்வளவும் இந்தச் சாக்ஸோடுதான். "விடை வேணாம் மேடம், முதல்ல எந்தத் துணின்னு மட்டும் சொல்லுங்க" என்பார். இல்லாத விடையில் முதல் துணி எது? "பொறுமையா யோசிங்க சார், வரும்" என்று கூசாமல் சொல்வேன். ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பக்கத்து சீட்காரர் இறங்குற ஸ்டாப்பையே விட்டுட்டார் மேடம், அவரும் இதத்தான் பாத்துட்டிருந்தாராம்."

கொடி கட்டின கை

இன்னொருவர் ரெஜினா அம்மா. கணவர் ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறாராம். இவர் போனை எடுத்தாலே, "உனக்கு எதுக்கு இந்த வேலை, மூளை இருக்கறவங்க ஆடுறது" என்பாராம். அதற்காகவே முப்பத்தாறு மாடி முடித்தவர், முப்பத்தேழில் நின்றுவிட்டார். "அவர் சொல்றது சரிதான் போலம்மா" என்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதும் உண்மை வாயில் வரவில்லை, "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க" என்றுதான் வந்தது.

போனை வைக்கும் முன் அவர் ஒரு சந்தேகம் கேட்டார்: "அவ்ளோ நீளப் பெட்ஷீட்ட யாராவது விரிச்சபடியே போடுவாங்களா? ரெண்டா மடிச்சுப் போட வழியே இல்லியே, உங்க ஆபீஸ்ல யாரும் துணி காயப்போட்டதே இல்லியா?"

மஞ்சுநாத் சார்

மடிக்க விட்டால் நிழல் பாதியாகும், சாக்ஸ் காய்ந்துவிடும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் டிக் கதையையும் சொல்லியாக வேண்டும். மறுநாள் காலை கதவைத் தட்டிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். சார் கையில் போன். திரையில் முப்பத்தேழாம் மாடி. "சும்னே, ஆடிப் பாக்காமலே டிக் போட்டியா?" என்றார். தலையாட்டினேன். நாலு நாற்காலி தள்ளிப் போய் ஜன்னலோரம் நின்றார்.

தினேஷ் அன்றே மடிக்கிற வசதியைச் சேர்க்க வேண்டும், புகார் சொன்ன இருபத்துமூன்று பேரையும் நான் கூப்பிட்டு என் வாயாலேயே தப்பைச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பு. "ஒருத்தர் கோவிச்சிட்டு ஆட்டத்த அழிச்சாலும் நீயும் வேற வேலை பாத்துக்கோ" என்றார். நான் வாசலுக்குப் போனதும் மறுபடி கூப்பிட்டார்: "மூணு வாரமா இந்த மாடிய முடிக்க முடியல, ஸ்டெல்லா, எனக்கு வயசாயிடுச்சுன்னு டாக்டர்கிட்டயே போயிட்டு வந்தேன்."

இருபத்துமூன்று போன்

பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். திட்டினார்கள், சிரித்தார்கள், ஒருவர் நான் பேசி முடிப்பதற்குள் மடித்துப் போட்டு முடித்தேவிட்டார். கார்த்திக்தான் முறுக்கிக்கொண்டார். அழிக்கப்போகிறார், போச்சு என் வேலை என்று நினைத்தேன். "இனிமே சில்க் போர்டு சிக்னல்ல வண்டி நின்னா நான் என்ன மேடம் பண்றது? பழைய மாடியையும் ஒரு ஓரமா வச்சிருங்க" என்றார்.

ரெஜினா அம்மாவைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பயம்தான். அந்த மாடியை யாராலும் முடிக்க முடியாது, தப்பு என்னுடையது, நீங்கள் சொன்னதை வைத்துத்தான் சரிசெய்தோம் என்றேன். அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் ஓசை. டிவியை அணைக்கச் சொல்லி யாருக்கோ உத்தரவு.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், அவரும் உக்காந்திருக்கார், இப்ப மொதல்லேர்ந்து நிதானமா சொல்லும்மா."

மூன்று தடவை சொல்லவைத்தார். இருபத்துமூன்று பேரில் ஒருவரும் ஆட்டத்தை அழிக்கவில்லை. அதனால் இன்றும் நான் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன், ஆனால் கோயிலில் தேர் என்றால் தினேஷ் டிக் போடுகிற பேனாவை முதல்நாளே என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்கிறான்.