மெஷின் நின்றால் பேசுகிற பெண்

குழந்தைகளே, எங்கள் வீட்டுத் தையல் மெஷினின் பெடல், கால் படுகிற இடத்தில் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கும். அதைத் துடைக்கும்போதெல்லாம் பேச்சுப் பயிற்சி மேடத்தின் ஞாபகம் வரும்.

அப்போது எங்கள் மகளுக்கு நான்கு வயது. ராயபுரத்தில் ஒற்றை அறை வீடு. நான் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவேன். என் மனைவி வீட்டிலேயே பனியன் தைப்பாள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மகள் திடீரென்று திக்க ஆரம்பித்தாள். "ப... ப..." என்று முதல் எழுத்திலேயே நின்றுபோவாள், கழுத்து நரம்பு புடைக்கும். "மெதுவாச் சொல்லு கண்ணு" என்போம். அவள் சொல்ல வந்ததை நாங்களே சொல்லி முடிப்போம். நாக்கில் வசம்பைத் தேய்க்கச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா, தேய்த்தோம். கொஞ்ச நாளில் மகள் பேசுவதையே விட்டுவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் காட்டுவாள். இனி இவள் குரலையே கேட்க மாட்டோமோ என்று பயந்துபோனேன்.

மேடத்திடம் கூட்டிப்போனோம். பேச்சை விடுவதற்கு முன், மெஷின் பக்கத்தில் நின்று மகள் திக்கித் திக்கிப் பேசியதை நான் செல்போனில் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. மேடம் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, மெஷின் நின்னாத்தான் வாயத் தொறக்கறா, பாத்தீங்களா? அடுத்த பீஸ் தைக்க மெஷின் ஓடறதுக்குள்ள சொல்லி முடிக்கோணும்னு பறக்கறா."

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப என்னாலதான் வந்துச்சுங்களா மேடம்?"

"இல்லீங்க, யார் தப்பும் இல்லீங்க. இந்த வயசுல நெறையப் புள்ளைங்களுக்கு வர்றதுதான். அவசரமில்லாட்டி அவளுக்குச் சுலுவா இருக்கும், அவ்வளவுதானுங்க. அவள மெதுவாப் பேசச் சொல்லாதீங்க, நீங்க மெதுவாப் பேசுங்க. வார்த்தைய எடுத்துக் குடுக்காதீங்க. பயிற்சிக்கு வாரந்தவறாமக் கூட்டியாங்க. அப்பறம் அந்த வசம்பு! அது நாக்கத்தானுங்க எரிக்கும்."

அன்றிலிருந்து மகள் பக்கத்தில் வந்து நின்றாலே மனைவியின் கால் பெடலை விட்டு இறங்கிவிடும். மகள் சும்மா நிற்பாள், பார்ப்பாள், போய்விடுவாள். பல நாள் இப்படியே போனது. ஒரு சாயங்காலம் வந்து நின்றவள், "அம்மா, ப... ப... ப..." என்றாள். எனக்கு உதவிக்குப் போக நாக்குத் துடித்தது; பல்லைக் கடித்துக்கொண்டேன். மனைவி அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "...பனியன் மூட்டைக்குள்ள ஒரு பல்லி போயிருச்சும்மா!"

மனைவி அலறியடித்து ஸ்டூல் மேல் ஏறினாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பல்லிக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

இப்போது அவள் எட்டாம் வகுப்பு. இன்றும் சில சொற்களில் திக்கும். நின்று, நிதானமாகச் சொல்லி முடிப்பாள். நேற்று பள்ளிக்கூடத்துக் கதையோடு ஓடிவந்தாள். மெஷின் நின்றது.

"நீ தையும்மா, நாம்பாட்டுக்குச் சொல்றேன்."

"செரி கண்ணு, சொல்லு" என்றாள் என் மனைவி. கதை முடிகிறவரைக்கும் அவள் கால் பெடல் பக்கம் போகவில்லை.